தோலுக்கடியில் கொழுப்பு: ஐரிஷ் கூஸ் ரோஸ்ட்டின் அறிவியல்

டப்ளினில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிறிஸ்துமஸுக்கு முழு கூஸ் வாத்து ஒன்றை ஓவனில் வைத்தோம். கோழிக்குச் செய்வதுபோலவே 200 டிகிரியில் வைத்தோம். மேல்தோல் கறுத்துவிட்டது, ஆனால் கடித்தால் இழுபடுகிறது. அதற்கடியில் கொழுப்பு கட்டியாக அப்படியே இருக்கிறது. உள்ளே வைத்த உருளைக்கிழங்கு ஸ்டஃபிங் எண்ணெயில் மிதக்கிறது. எங்கே தப்பு?"

தப்பு, கோழிக்குச் செய்வதுபோலவே செய்ததில்தான் இருக்கிறது. கூஸ் வாத்தின் உடலமைப்பு வேறு. அது வேண்டும் என்று கேட்கும் சூடும் வேறு.

வீட்டில் வளர்க்கும் ஐரோப்பியக் கூஸின் மூதாதை, வலசை போகும் சாம்பல் வாத்து. நம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்துக்கும் அதற்கும் பேரினம் ஒன்றே. நெடுந்தூரம் பறக்கும் பறவைக்குக் கொழுப்புதான் எரிபொருள். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கிலோகலோரி தந்தால் கொழுப்பு 9 தரும். தண்ணீரில் மிதந்து வாழும் உடம்புக்குக் குளிர் ஏறாமல் காப்பதும் அதுவே. அதனால் தோலுக்கடியில் உடல் முழுக்க ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. மாமிசத்துக்குள் கொழுப்பு ஓடுவது குறைவு.

அயர்லாந்தின் பழைய வழக்கம் இந்த உடலியலை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. கூஸ் வாத்து வசந்தத்தில்தான் முட்டையிடும். குஞ்சுகள் கோடை முழுதும் புல் மேயும். ஓட்ஸ், பார்லி அறுவடை முடிந்ததும் தாளடி வயலில் சிந்திக் கிடக்கும் தானியத்தைப் பொறுக்க அவற்றை ஓட்டிவிடுவார்கள். தானியத்து மாவுப்பொருளைப் பறவையின் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தோலுக்கடியில் அனுப்பிவைக்கும். செப்டம்பர் 29, மிக்கேல் அதிதூதர் திருநாள். அன்று விருந்துக்கு வருவது இந்தத் தாளடி வாத்துதான். கிறிஸ்துமஸ் வரை விட்டால் இன்னும் கொழுக்கும். ஓவனுக்குத் தயாராக 5 கிலோ இருக்கும் பறவையிலிருந்து அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கொழுப்பு இறங்கும்.

இந்தக் கொழுப்பை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதில்தான் முழுச் சமையலும் அடங்கியிருக்கிறது.

கூஸ் கொழுப்பில் பாதிக்கு மேல் ஒலெயிக் அமிலம், அதாவது ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் அதே கொழுப்பமிலம். அதனால் மாட்டுக் கொழுப்பைவிடக் குறைந்த சூட்டிலேயே, 40 டிகிரிக்குள்ளாகவே, அது உருகிவிடும். அப்படியானால் ஓவனில் வைத்த அரைமணியில் ஒழுகிவிட வேண்டாமா? ஒழுகாது. உருகுவது வேறு, வெளியேறுவது வேறு. கொழுப்பு தனியாகக் கிடப்பதில்லை. நுண்ணிய செல்களுக்குள் ஒவ்வொரு துளியாக அடைபட்டிருக்கிறது. அந்தச் செல்களைக் கொலாஜன் என்ற புரத இழைகளின் வலை சுற்றிக் கட்டியிருக்கிறது. அதன் மேல் தோல் என்ற இன்னொரு தடிமனான கொலாஜன் விரிப்பு. உள்ளே எண்ணெயாக உருகினாலும் சிறைக்கதவு திறக்கவில்லை.

கதவைத் திறப்பது கொலாஜனின் இயல்புதான். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய அமைப்பு அது. 60 டிகிரியைத் தாண்டும்போது முறுக்கு அவிழத் தொடங்கும். முறுக்கு அவிழ்ந்த இழை நீளவாக்கில் சட்டெனச் சுருங்கும். வலை முழுதும் சுருங்கும்போது உள்ளிருக்கும் கொழுப்புச் செல்கள் பிழியப்பட்டு உடைகின்றன. கொழுப்பு இப்போதுதான் நகரத் தொடங்குகிறது. அடுத்த கட்டம் மெதுவானது: 80, 90 டிகிரியில், கூடவே ஈரமும் இருந்தால், சுருங்கிய கொலாஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஜெலட்டினாகிறது. வலை தளர்கிறது, மிச்சக் கொழுப்பும் வழிந்து இறங்குகிறது. இதற்கு நேரம் வேண்டும், தண்ணீரும் வேண்டும். கொலாஜன் காய்ந்துவிட்டால் ஜெலட்டினாக மாறாது.

மொறுமொறுப்புக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர். ஜெலட்டினில் ஈரம் இருக்கும்வரை அது நெகிழ்வாக, இழுபடும் பொருளாகவே இருக்கும். ஈரம் கிட்டத்தட்ட முழுதும் போனபின் மூலக்கூறுகள் அசைய இடமின்றி உறைந்து கண்ணாடி நிலைக்குப் போகின்றன. கண்ணாடி நிலையில் இருப்பது வளையாது, உடையும். பல்லுக்கடியில் கேட்கும் சத்தம் அந்த உடைவுதான். பொரித்த அப்பளம் மழைநாளில் நமத்துப்போவது இதே மாற்றம் பின்னோக்கி நடப்பதால். அங்கே மாவுச்சத்து, இங்கே ஜெலட்டின், அவ்வளவே.

ஆக, கொழுப்பை இறக்கும் முதல் கட்டத்துக்கு ஈரம் வேண்டும், தோலை மொறுமொறுப்பாக்கும் இரண்டாம் கட்டத்துக்கு ஈரம் ஆகாது. வரிசை மாறினால் எல்லாம் கெடும். வாசகரின் வாத்துக்கு நடந்தது இதுதான். 200 டிகிரியில் மேல்தோல் முதலிலேயே காய்ந்துவிட்டது. கரைய வேண்டிய கொலாஜன் கரையாமல் தோலாகவே இறுகி, கொழுப்புக்கு மூடியாகிவிட்டது. கோழித்தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் குறைவு. அதனால் இரண்டு கட்டமும் ஒரே சூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்து முடிந்துவிடுகிறது.

இதை நினைக்கும்போது அயர்லாந்துக் கிராமத்து அடுப்பங்கரையின் மீது மரியாதை கூடுகிறது. ஓவன் இல்லாத காலத்தில் அங்கே மூடியுள்ள கனத்த இரும்புச் சட்டியை, சதுப்புநிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்த பீட் கரியின் தணல் மேல் தொங்கவிட்டு அல்லது நிறுத்தி, மூடியின் மேலும் தணலை அள்ளி வைப்பார்கள். உள்ளே ஆவி அடைபட்டிருப்பதால் கொலாஜன் நன்றாகக் கரையும். மேல்தணல் கடைசியில் தோலைச் சிவக்கவைக்கும். இரண்டு கட்டமும் ஒரே பாத்திரத்துக்குள் இருக்கின்றன.

இன்றைய ஓவனில் அதைச் செய்யும் முறை இது. உறைந்த பறவையானால் ஃபிரிட்ஜில் குறைந்தது 2 நாள் வைத்து முழுதாக உருகவிடுங்கள். வயிற்றுக்குழியின் வாயில் கைப்பிடியளவு வெள்ளைக் கொழுப்புக் கட்டிகள் இருக்கும். அவற்றைக் கையாலேயே பிய்த்தெடுத்துவிடுங்கள். இதை மறந்தால் ஸ்டஃபிங் எண்ணெயில் மிதக்கத்தான் செய்யும். கழுத்து, இதயம், கற்குடல், சிறகுநுனி ஆகியவை குழம்புச் சாற்றுக்கு. ஈரல் ஸ்டஃபிங்குக்கு.

அடுத்து, கூரிய கம்பியால் தோலைக் குத்த வேண்டும். நெஞ்சின் அடிப்பக்கம், தொடை உடலோடு சேரும் மடிப்பு, முதுகு ஆகிய இடங்களில் கொழுப்பு அதிகம். கம்பியை நேராக இறக்கக் கூடாது. தோலுக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்து, கொழுப்புப் படலத்துக்குள் மட்டும் போகும்படி குத்துங்கள். துளையில் தெளிவான அல்லது வெண்மையான கொழுப்பு தெரிந்தால் சரி. இளஞ்சிவப்பு நீர் கசிந்தால் மாமிசத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அந்தத் துளை வழியாக வேகும்போது சாறு போகும், நெஞ்சுக்கறி வறளும்.

பிறகு கம்பித்தட்டில் நிறுத்தி, 2 லிட்டர் கொதிநீரை மெதுவாக மேலே ஊற்றுங்கள். தோல் கண்ணெதிரே இறுகும், துளைகள் வாய்திறக்கும். நன்றாகத் துடைத்து, 2 மேசைக்கரண்டி உப்பை உள்ளும் புறமும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஓரிரவு வையுங்கள். மேற்பரப்பு ஈரம் போவதற்காகத்தான் இது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் போகிறது. தோலின் மேற்பரப்பு நனைந்திருக்கும்வரை ஓவன் எவ்வளவு காட்டினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் மணமும் தரும் மெயிலார்ட் வினை மும்முரமாக நடக்கவோ 140 டிகிரியாவது வேண்டும்.

ஸ்டஃபிங்குக்கு 1 கிலோ மாவுக்கிழங்கு, அதாவது வெந்தால் மாவாக உதிரும் உருளைக்கிழங்கு. அயர்லாந்தில் கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர், ரூஸ்டர் ஆகியவை இதற்கு ஏற்றவை. தோலோடு வேகவைத்து, வடித்து, ஆவி பறக்கவிட்டு, உரித்து மசியுங்கள். 2 பெரிய வெங்காயத்தைப் பிய்த்தெடுத்த கொழுப்பில் நிறம் மாறாமல் வதக்கி, பொடியாக நறுக்கிய ஈரலையும் ஒரு பெரிய பிராம்லி ஆப்பிளையும் சேருங்கள். 1 மேசைக்கரண்டி நறுக்கிய சேஜ் இலை, கொஞ்சம் தைம், பார்ஸ்லி, 1½ தேக்கரண்டி உப்பு, மிளகு. பாலும் கிரீமும் சேர்க்காதீர்கள். வாத்தே போதிய கொழுப்பைத் தந்துவிடும்.

கிழங்கை மிக்ஸியில் போடவே கூடாது. வெந்த மாவுக்கிழங்கின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே உப்பிய மாவுச்சத்துடன் முழுசாகவே இருக்கும். அதனால்தான் மசியல் பூவாக வருகிறது. பிளேடு அந்தச் செல்களைக் கிழித்தால் மாவுச்சத்து வெளியேறிப் பசையாகிவிடும். ரொட்டித்தூள் ஸ்டஃபிங்கைவிட உருளைக்கிழங்கு கூஸுக்குப் பொருந்துவதற்கும் காரணம் இருக்கிறது. ரொட்டியில் காற்றறைகள் நிறைய, கொழுப்பு அவற்றுக்குள் ஏறிவிடும். ஏற்கெனவே நீரால் நிறைந்த கிழங்குச் செல்லில் கொழுப்புக்கு அவ்வளவு இடமில்லை. சேஜிலும் வெறும் மணம் மட்டும் இல்லை. அதிலுள்ள கார்னோசிக் அமிலம் கொழுப்பில் கரைந்து, அது காறிப்போவதைத் தாமதிக்கும். பிராம்லி ஆப்பிள், குறிப்பாக வட அயர்லாந்தின் ஆர்மா வட்டாரத்தில் விளைவது, புளிப்பு மிகுந்தது. வெந்தால் துண்டாக நிற்காமல் குழைந்துவிடும். அதே ஆப்பிளை 500 கிராம் எடுத்து, 2 மேசைக்கரண்டி நீரும் 50 கிராம் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்தால் பக்கத்தில் பரிமாறும் சாஸ் தயார்.

ஸ்டஃபிங்கை நிரப்புவதில் ஒரு ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெறும் வயிற்றுக்குழியில் சூடான காற்று நுழையும், வெப்பம் இருபுறமும் ஏறும். அதை அடைத்துவிட்டால் பறவை ஒரே திண்டாகிறது. வெப்பம் நடுவுக்குப் போக ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள் பச்சை வாத்தின் உட்சுவரில் இருக்கலாம். வழியும் சாறு அவற்றைக் கிழங்குக்குள் கொண்டுசேர்க்கும். ஆகவே ஸ்டஃபிங்கை முன்கூட்டி நிரப்பி வைக்காதீர்கள். ஓவனுக்குப் போகும் நேரத்தில், குழியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல், அழுத்தாமல் நிரப்புங்கள். வெந்ததும் ஸ்டஃபிங்கின் நட்டநடுவில் வெப்பமானி 75 டிகிரி காட்டியே ஆக வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஸ்டஃபிங்கைத் தனித் தட்டில் வேகவைத்து, மேலே இரண்டு கரண்டி வாத்துக்கொழுப்பு ஊற்றுவதே உத்தமம்.

ஓவன் 160 டிகிரி. ஆழமான தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், அதன் மேல் கம்பி, அதன் மேல் நெஞ்சு கீழாக வாத்து. தண்ணீர் முதல் கட்டத்து ஈரத்தைத் தரும், சொட்டும் கொழுப்பு புகையாமலும் காக்கும். ஒன்றேகால் மணி கழித்து நிமிர்த்துங்கள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டில் சேர்ந்த கொழுப்பை வடித்தெடுங்கள். மேலே சாறு ஊற்றி ஊற்றிக் குளிப்பாட்டும் வழக்கம் பலருக்கு உண்டு. கூஸுக்கு அது வேண்டவே வேண்டாம், உலர்த்திய தோலை மறுபடி நனைப்பதுதான் அது. 5 கிலோ வாத்து, ஸ்டஃபிங்கோடு, சுமார் 3 மணி நேரத்தில் இக்கட்டத்தை முடிக்கும். தொடையின் மூட்டருகே 80 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இப்போது தட்டை முழுதும் காலிசெய்து, ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, 20 முதல் 25 நிமிடம். தோல் உப்பி, கொப்புளம்போட்டுப் பொன்னிறமாகும். தட்டைக் காலிசெய்யாமல் சூட்டை ஏற்றினால் கொழுப்பு புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓவன் கதவைச் சாத்தியபடியே மின்சாரத்தை அல்லது எரிவாயுவை நிறுத்துங்கள்.

வெட்டுமுன் அரைமணி ஓய்வு. அலுமினியத்தாள் போட்டு மூடாதீர்கள். ஆவி அடைபட்டால் கண்ணாடி நிலை கலைந்து தோல் நமத்துவிடும்.

இப்படி ஒரு விருந்துத் தட்டுக்குள் புரதவியல், வெப்பக்கடத்தல், நுண்ணுயிரியல் எல்லாம் இருக்கும்போது சமையல் ஆராய்ச்சியை இன்றும் விளையாட்டாகப் பார்ப்பது வருத்தம் தருகிறது. குறைந்த வெப்பநிலை இயற்பியலில் பேர்பெற்ற நிக்கோலஸ் குர்டி 1969இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமையலறை இயற்பியல் பற்றி உரையாற்றியபோது, வெள்ளிக் கோளின் வளிமண்டல வெப்பநிலையை அளக்கும் நாம் முட்டைச் சூஃப்லேயின் உள்ளே நடப்பதை அறியாமல் இருக்கிறோமே என்று ஆதங்கப்பட்டார். அவர் ஆதங்கம் நியாயமானது. கொலாஜனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி தோல் பதனிடும் தொழிலையும் ஜெலட்டின் தொழிலையும் ஒட்டி வந்தது. வீட்டு அடுப்புக்காக நிதி கேட்டால் கிடைப்பது கடினம். உணவால் வரும் நோய்களை நினைத்தால் அது மிகத் தவறான கணக்கு.

கண்ணால் பார்க்காத இடத்தைக் கதை நிரப்பும் என்பதற்கும் அயர்லாந்து வாத்திலேயே சான்று உண்டு. பார்னக்கிள் கூஸ் என்ற காட்டினம் குளிர்காலத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு வரும். ஆர்க்டிக்கில் முட்டையிடுவதால் அதன் கூட்டை அங்கே யாரும் கண்டதில்லை. கடலில் மிதக்கும் மரத்தில் ஒட்டிய சிப்பி போன்ற உயிரிலிருந்து அது முளைக்கிறது என்று 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் ஜெரால்டு எழுதிவைத்தார். மாமிசத்தில் பிறக்காததால் மாமிசம் அல்ல என்று நோன்பு நாளில் அதைச் சாப்பிட்ட குருமார் அயர்லாந்தில் இருந்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். வாத்துக்கொழுப்பை நெஞ்சில் தேய்த்தால் சளி இளகும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. தேய்ப்பதும் கதகதப்பும் இதமாக இருக்கலாம். கொழுப்பு தோலைக் கடந்து நுரையீரலுக்குப் போவதில்லை.

வடித்த கொழுப்புக்குச் சரியான இடம் வாணலிதான். சாக்கடைக் குழாயில் ஊற்றினால் குளிர்ந்து அடைத்துவிடும். சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டி, ஒரு பாத்திரத்தில் ஆறவிட்டால் கொழுப்பு மேலே வெண்மையாக உறையும். அடியில் பழுப்பு ஜெல்லி நிற்கும். அது ஜெலட்டினும் கறிச்சாறும். அதைச் சுரண்டியெடுத்து அன்றைய குழம்பிலேயே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் முதலில் கெடுவது அந்த ஈரப்பகுதிதான். ஈரம் நீங்கிய கொழுப்பை மூடியுள்ள புட்டியில் ஃபிரிட்ஜில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். அரைவேக்காடு வெந்த உருளைக்கிழங்கை அதில் புரட்டி 200 டிகிரி ஓவனில் முக்கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள்.