சுவருக்குப் பின்னால் ஓடும் உயிர்வாயு: சோதிப்பது யார், எப்போது?

மருத்துவமனையில் படுத்திருக்கும் அப்பாவின் தலைமாட்டுச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். உயிர்வாயு, மருத்துவக் காற்று, சளியை இழுக்கும் உறிஞ்சு குழாய் என்று வரிசையாகத் திறப்புகள் இருக்கும். உயிர்வாயுக் குழாயின் மறுமுனை பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியே நிற்கும் தொட்டியில் இருக்கிறது. அங்கே அது சுழியத்துக்குக் கீழே 183 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த திரவம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 860 லிட்டர் வாயு கிடைக்கும். அது சுமார் 4 பார் அழுத்தத்தில் வார்டுக்கு வந்து சேர்கிறது.

சிங்கப்பூரில் இந்தக் குழாய் அமைப்பின் பாதுகாப்பை ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்கள் தொடுகின்றன. மருத்துவமனைக்கு உரிமம் தருவது சுகாதார அமைச்சு. 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020இல் நிறைவேறிய சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டம், 2022 ஜனவரியிலிருந்து 2023 டிசம்பர் வரை கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது. குழாயைப் பராமரிக்கும் வேலையைக் குத்தகையாளரிடம் கொடுத்தாலும், நோயாளியின் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றவரே பதில் சொல்ல வேண்டும். மருத்துவக் காற்றைச் சேமிக்கும் அழுத்தக் கலன் மனிதவள அமைச்சின் கண்காணிப்பில் வருகிறது. அதைப் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக 24 மாதங்களுக்கு ஒருமுறை, அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் அதைச் சோதிக்க வேண்டும். கட்டடத்தின் தீப் பாதுகாப்பைக் குடிமைத் தற்காப்புப் படை கவனிக்கிறது.

கலனுக்குச் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடக் கூடாது. என் கணிப்பில், பெரிய ஆபத்து பழுதுபார்த்து முடித்த மறுநிமிடத்தில்தான் இருக்கிறது.

2016இல் சிட்னியின் பேங்க்ஸ்டவுன் லிட்கம் மருத்துவமனையில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு, உயிர்வாயு என்று எழுதியிருந்த திறப்பிலிருந்து, மயக்கம் கொடுக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு போனது. ஒரு குழந்தை இறந்தது, மற்றொன்றுக்கு மூளை பாதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு குழாய்களை இணைத்தபோது நேர்ந்த தவறு அது. ஒவ்வொரு வாயுவின் திறப்புக்கும் தனி வடிவம் உண்டு. ஒன்றின் செருகி இன்னொன்றில் பொருந்தாது. ஆனால் அந்தக் காவல் சுவருக்கு முன்னால் மட்டும்தான். பின்னால் குழாய் மாறியிருந்தால் வடிவம் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. எல்லா வாயுக்களையும் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறக்க வேண்டும். அந்த வாயுவுக்குரிய திறப்புகள் அனைத்திலும் அது வருகிறதா, வேறு எதிலும் வராமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடுத்து, உயிர்வாயுவின் விழுக்காட்டை அளவிடும் கருவியை வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். உயிர்வாயுத் திறப்பில் நூறை ஒட்டிய விழுக்காடு, காற்றுத் திறப்பில் 21, நைட்ரஸ் ஆக்சைடில் சுழியம். மருத்துவ வாயுக் குழாய்களுக்கான ஐஎஸ்ஓ 7396-1 என்ற அனைத்துலகத் தரநிலையும் பிரிட்டனின் எச்டிஎம் 02-01 வழிகாட்டியும் இத்தகைய சோதனைகளைக் கேட்கின்றன. எழுத்துமூல அனுமதி இல்லாமல் வால்வைத் தொடக் கூடாது. மூடுவதற்கு முன் வார்டுத் தாதியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சோதனை முடிந்து கையெழுத்தாகும் வரை நோயாளிக்குத் திறந்துவிடக் கூடாது.

இந்தக் குழாய்களில் வேலை செய்யும் தம்பிகளில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். எண்ணெயோ கிரீஸோ பட்ட கையுடன் உயிர்வாயு இணைப்பைத் தொடாதீர்கள். அழுத்தமான உயிர்வாயு பட்டால் அந்த எண்ணெய்ப் பசை தானாகவே பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் கசிவு இருந்து, காற்றில் உயிர்வாயு 21 விழுக்காட்டிலிருந்து 23ஐத் தாண்டினாலே துணியும் தலைமுடியும் வேகமாக எரியும். மேலாளர் அவசரப்படுத்தினாலும், அனுமதித் தாள் எங்கே என்று கேளுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்த காரணத்துக்காக ஊழியரை வேலையிலிருந்து நீக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

குடும்பத்தார் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வார்டின் சுவரில் இருக்கும் வாயு எச்சரிக்கைப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மணி ஒலித்தாலோ, யாராவது பார்த்திருப்பார்கள் என்று உட்கார்ந்திருக்காமல் தாதியை அழையுங்கள். வால்வுப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியையோ பையையோ வைக்காதீர்கள். தீப்பிடித்தால் அந்தப் பகுதிக்குப் போகும் வாயுவை அங்கிருந்துதான் அடைப்பார்கள்.