இயற்கைத் தேர்வா, இயற்கைத் தெரிவா?

தேர்வு என்றதும் வினாத்தாளும் மதிப்பெண்ணும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனாலேயே, உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதற்கு டார்வின் சொன்ன காரணத்தை ‘இயற்கைத் தேர்வு’ என்று படிப்பவர், இயற்கை எங்கோ உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவதாக எண்ணிவிடுகிறார். இந்தக் குழப்பத்துக்குத் தமிழ் மட்டும் காரணமில்லை. ‘நேச்சுரல் செலெக்‌ஷன்’ என்ற மூலச்சொல்லிலேயே அது இருக்கிறது.

செலெக்‌ஷனின் வேர் லத்தீன். ‘செ’ என்றால் தனியே, ‘லெகெரே’ என்றால் பொறுக்குதல். புறா வளர்ப்பவர் தமக்குப் பிடித்த வால், பிடித்த அலகு உள்ளவற்றைத் தனியே பொறுக்கி இணை சேர்ப்பார். டார்வின் அந்தச் சொல்லை எடுத்து, முன்னால் ‘இயற்கை’யைச் சேர்த்தார். பொறுக்கும் ஆள் போய்விட்டார், பொறுக்குதல் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது! இந்தக் கொள்கையை விளக்கிய அவரது நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1860இல், மறுபடி தொடங்குவதாக இருந்தால் ‘இயற்கைக் காப்பு’ என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்திருப்பேன் என்று டார்வினே ஒரு கடிதத்தில் எழுதினார். இதே கொள்கையைத் தனியாகக் கண்டறிந்த வாலஸுக்கும் சொல் பிடிக்கவில்லை. ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்’ என்ற தொடரைப் பயன்படுத்தலாமே என்று 1866இல் யோசனை சொன்னார். தமிழில் நாம் ‘வலியது வாழும்’ என்று ஆக்கிக்கொண்ட தொடர்தான் அது. என்னைக் கேட்டால், அது இன்னும் மோசம். அங்கே பேசப்படுவது வலிமை அல்ல, சூழலோடு பொருந்துவது.

சரி, உண்மையில் நடப்பது என்ன? பசிபிக் கடலிலுள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு சின்னத் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழு அங்கே குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, வளையம் மாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தது. 1977இல் மழை பொய்த்தது. சிறிய, மெல்லிய விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி இனத்தின் கடினமான முள்விதை. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அவர்கள் கவனித்த நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறக்குறைய 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுக்காரர்களே அதிகம். அலகின் அளவு பெற்றோரிடமிருந்து வருவது என்பதால், அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. எந்தக் குருவிக்கும் பசியால் அலகு வளர்ந்துவிடவில்லை. கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்ற கணக்குதான் மாறியது. அப்புறம் 1983இல் பெருமழை கொட்டிச் சிறுவிதைகள் பெருகியபோது, காற்று சிறிய அலகின் பக்கம் திரும்பியது.

இதற்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும்? தேர், தெரி இரண்டுமே ஆராய்ந்து எடுத்தலைக் குறிக்கும் பழைய வினைகள். குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்துக்குள்ளேயே ‘தேரான் தெளிவும்’ என்ற குறளும் வருகிறது. ஆனால் ‘தேர்’ என்றால் தேர்பவர் ஒருவர் வேண்டும். ‘தெரி’ அப்படியல்ல. ‘மலை தெரிகிறது’ என்கிறோமே, அங்கே மலை எதையும் செய்யவில்லை. ஆள் இல்லாமலும் நிகழக்கூடிய வினை என்பதால், இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் ‘தெரிவு’ எனக்குப் பிடிக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆலைப்புகை மரங்களைக் கறுப்பாக்கிய காலத்தில், 1848இல் அபூர்வமாகப் பிடிபட்ட கருநிற அந்துப்பூச்சி, 1895இல் அங்கிருந்த அந்த இனப் பூச்சிகளில் ஏறக்குறைய 98 விழுக்காடு ஆகியிருந்தது. கரிய பட்டையில் பறவையின் கண்ணுக்குத் தெரிந்த வெளிர்ப்பூச்சி இரையானது; தெரியாதது தெரிவானது.

சல்லடையை நினைத்து ‘இயற்கைச் சலிப்பு’ என்று வைக்கலாமா என்றும் பார்த்தேன். நிகழ்வுக்கு அதுவே மிக நெருக்கம், ஆனால் இயற்கைக்கே அலுத்துப்போனது போல ஒலிக்கிறது. எப்படியும் பாடநூல்களில் ‘இயற்கைத் தேர்வு’ வேரூன்றிவிட்டது. தேர்வு எழுதப் போகிறவர்கள் அதையே எழுதிவிடுங்கள்.