சர்வர் ஓடுகிறது, சேவை கிடைக்கிறதா?

நெட்வொர்க் பராமரிப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு." டாஷ்போர்டில் சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். அதே நேரத்தில் பயனரால் லாகின் செய்ய முடியாது. இந்த இடைவெளியை அளக்கத்தான் சிந்தெடிக் மானிட்டரிங். பயனர் செய்வதை ஒரு நிரல் இரவும் பகலும் செய்து பார்த்துக்கொண்டே இருக்கும். யாரும் நுழையாத பின்னிரவில் பழுதானாலும், காலையில் புகார் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எங்கிருந்து சோதிக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கைத் துண்டித்தது. இதனால், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்களுக்கான பிஜிபி வழிகள் (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பாதைகள்) இணையத்திலிருந்து மறைந்தன. டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அவற்றை அடைய வழியில்லை. பொறியாளர்களின் உள் கருவிகளும் கூடவே படுத்துவிட்டன. ஆகவே சோதனை நிரலைச் சேவை இருக்கும் நெட்வொர்க்கிலேயே வைக்காதீர்கள். வெளியே மூன்று வெவ்வேறு நெட்வொர்க்குகளிலிருந்து சோதியுங்கள். அலர்ட் வரும் பாதையும் வேறாக இருக்கட்டும். மூன்றில் இரண்டு தோற்றால் மட்டும் ஆளை எழுப்புங்கள். ஒவ்வொரு சிறு தடுமாற்றத்துக்கும் தூக்கத்தைக் கெடுத்தால், உண்மையான அலர்ட்டையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒரு சர்வர் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் போதாது. அது அனுப்புவது சிறிய பாக்கெட். வழியில் எங்கோ எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) குறைந்து, அதைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியை ஃபயர்வால் தடுத்தால், பிங் சீராகப் போகும், பெரிய பக்கம் பாதியில் தொங்கும். 'சரி' என்று பொருள்படும் எச்டிடிபி 200 பதில் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். பிழைப் பக்கத்தையும் 200 என்றே அனுப்பும் செயலிகள் உண்டு. பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சொல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தேடும் டிஎன்எஸ், இணைப்பு ஏற்படுத்தும் டிசிபி, இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ், பதிலின் முதல் பைட் என நேரத்தைப் பிரித்துச் சேமித்தால், பழுதை எங்கே தேடுவது என்பது உடனே தெரியும். இணைய முகவரியின் பழைய, புதிய முறைகளான ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் தனித்தனியாகச் சோதிப்பது அவசியம். ஒன்று தடுமாறினால் பிரவுசர் சத்தமில்லாமல் மற்றதற்கு மாறிவிடுவதால், ஐபிவி6 பழுது வாரக்கணக்கில் கண்ணில் படாது.

தளத்தின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் டிஎல்எஸ் சான்றிதழையும் இந்தச் சோதனையிலேயே சேருங்கள். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் ஆகிறது. காலண்டரில் குறித்துவைத்துப் புதுப்பிக்கும் வழக்கம் அதற்குத் தாங்காது. தானியங்கிப் புதுப்பிப்பிலும் ஒரு பொறி உண்டு. கோப்பு புதிதாக இருக்கும், ரீலோட் ஆகாத சர்வர் பழைய சான்றிதழையே நீட்டும். வெளியிலிருந்து இணைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

99.9% நேரம் சேவை கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தால், முடங்கிக் கிடக்க 30 நாளில் 43 நிமிடமே கையிருப்பு. கால் மணிக்கொரு சோதனை அதற்கு ஒத்துவராது. முக்கியமான பாதைகளை நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். லாகின் சோதனைக்குக் குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்கு வேண்டும், அதன் போக்குவரத்து பயனர் புள்ளிவிவரத்தில் கலக்கக் கூடாது.

எல்லாம் அமைத்த பிறகு, சோதனைச் சூழலில் சேவையை வேண்டுமென்றே நிறுத்துங்கள். பணியில் இருப்பவரின் கைபேசி எத்தனை நிமிடத்தில் ஒலிக்கிறது என்று பார்த்த பிறகே அதை நேரடிச் சேவையில் பொருத்துங்கள்.