மச்சானின் ஷெட்டும் காய்கறிக்கடைத் தராசும்

தாம்பரம் பக்கம் மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்த மனையில் தையல் யூனிட் போட, என் மச்சான் இரண்டு கொட்டேஷன் வாங்கி வந்திருந்தார். இருபதுக்கு முப்பது, 600 சதுர அடி. கூரைக்கு இரண்டிலும் ‘0.50 கலர் ஷீட்’, அதாவது 0.50 மில்லிமீட்டர் கனமுள்ள பெயின்ட் அடித்த எஃகுத் தகடு என்றே எழுதியிருந்தது. சதுர அடிக்கு மட்டும் 40 ரூபாய் வித்தியாசம். மொத்தத்தில் 24,000 ரூபாய்.

“மூணு வருஷத்துல பிரிச்சு எடுக்கப்போற ஷெட்டு. அதிக விலைக்காரன் சொல்றது நமக்குத் தேவையா மாப்ள?”

நியாயமான கேள்வி. ஆளுக்கொரு சாம்பிள் துண்டு கொடுத்திருந்தார்கள், மடிப்பில்லாத தட்டைத் தகடு, ஓரடிக்கு ஓரடி. தெருமுனைக் காய்கறிக்கடைத் தராசில் இரண்டையும் வைத்தோம். விலை கூடிய துண்டு 385 கிராம், மற்றது 335.

எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். 0.50 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடி எஃகு கிட்டத்தட்ட 365 கிராம் வரவேண்டும். அதன்மேல் பூச்சும் பெயின்டும் சேர்ந்தால் முதல் துண்டின் எடைக்குக் கணக்கு சரியாகிவிடும். இரண்டாவதில் பூச்சையும் பெயின்டையும் சேர்த்துத்தான் 0.50, உள்ளே இருக்கும் எஃகு 0.45க்கும் கொஞ்சம் கம்மி. அளந்தால் 0.50 வரும் என்பதால் இருவரையுமே பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. எதை அளப்பது என்பதில்தான் விளையாட்டு. கொட்டேஷன் வாங்கும்போது ‘பூச்சு இல்லாமல் எஃகு எவ்வளவு’ என்று கேட்டு அதையும் எழுதி வாங்குவது நல்லது.

அடுத்தது பூச்சு. இந்தக் கலர் ஷீட்களில் பெரும்பாலும் 55 சதவீதம் அலுமினியமும் மீதி பெரும்பகுதி துத்தநாகமும் கலந்த பூச்சுதான். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று, இரண்டு பக்கமும் சேர்த்துச் சொல்வார்கள். விலை கூடியதில் 150 கிராம், குறைந்ததில் 70. அதாவது பக்கத்துக்கு 20 மைக்ரான், 9 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராத இந்தப் படலம்தான் துருவுக்கும் எஃகுக்கும் நடுவே நிற்கிறது. வெறுமனே மூடி வைப்பதோடு இதன் வேலை முடிவதில்லை. கீறல் விழுந்து எஃகு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் முதலில் கரைந்து எஃகைக் காப்பாற்றும். எஃகைவிடச் சுலபமாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம் அது.

கரைகிற வேகத்தைத் தீர்மானிப்பது ஊர்க்காற்று. வெறும் துத்தநாகம் உள்நாட்டுச் சுத்தமான காற்றில் வருடத்துக்கு ஒரு மைக்ரான் அளவில் தேயும். உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் 4 முதல் 8 மைக்ரான்கூடப் போகும். அலுமினியம் கலந்தது இன்னும் மெதுவாகத் தேயும். மச்சானின் மனை கடற்கரையை ஒட்டியதல்ல, வேலை மூன்று வருடம். 9 மைக்ரான் தாராளமாகப் போதும். இதே ஷெட்டைக் கடலோரக் காசிமேட்டில் போடுவதாக இருந்தால் என் பதில் வேறு. ஒன்று மட்டும்: ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுக்க விடாதீர்கள். பறக்கும் பொறி பெயின்டில் ஒட்டிக்கொண்டு, ஒரு மழையிலேயே அம்மைத் தழும்புபோலத் துருப்புள்ளி வைக்கும்.

துருவைப் பொறுத்தவரை, குறைந்த காலத்துக்குக் குறைந்த காசு என்ற மச்சானின் கணக்கு சரிதான். காற்றுக்கு அது அப்படியே பொருந்தாது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். தற்காலிக ஷெட்டுக்கு அதே நூல் சலுகையும் தருகிறது. ஐந்து வருட ஆயுள் என்று வைத்து, வேகத்தைச் சுமார் 0.7ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 35 மீட்டர் ஆகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பளு பாதியாகக் குறைகிறது. தாராளமான சலுகைதான். அதற்குப் பிறகும் மிஞ்சுவது, 0.6 பெருக்கல் 35இன் வர்க்கம், சதுர மீட்டருக்கு 735 நியூட்டன். ஏறக்குறைய 75 கிலோ. ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 4 கிலோகூட இல்லை.

இந்த 75 கிலோ கூரையை அழுத்துவதில்லை, பெரும்பாலும் தூக்குகிறது. காற்று சுவரில் மோதி மேலேறி, கூரை விளிம்பில் பிய்த்துக்கொண்டு சுழலும்; அந்தச் சுழலுக்கு அடியில் அழுத்தம் விழுந்துவிடும். முன்பக்கம் திறந்த ஷெட் என்றால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து முட்டும். எதிர்காற்றில் குடை மேல்பக்கம் விரிவது மாதிரிதான். முழுப் பரப்புக்கும் கணக்குப் போட்டால் மச்சானின் கூரையைத் தூக்க வருவது நான்கு டன். கூரைத் தகட்டின் எடை கால் டன்கூட இல்லை.

மீதியை யார் பிடிப்பது? ஷீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டம்தான் பர்லின், அதைத் தாங்கும் கூரைச் சட்டகம் டிரஸ், தூணின் காலில் இருப்பது அடித்தகடு. ஸ்க்ரூ பர்லினைப் பிடிக்க வேண்டும், பர்லின் டிரஸ்ஸை, டிரஸ் தூணை, தூண் அடித்தகட்டை, அடித்தகடு கான்கிரீட்டை. இதில் எது லேசோ அங்கே அறுந்துபோகும். பல இடங்களில் ஸ்க்ரூ அப்படியே நிற்க, ஷீட் மட்டும் ஸ்க்ரூ தலையைச் சுற்றிக் கிழிந்து பறந்திருக்கும். தராசில் 50 கிராம் குறைந்தது இங்கேதான் வேலையைக் காட்டும். மெல்லிய தகடானால் ஸ்க்ரூ எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், குறிப்பாக சுழல் வலுவாக இழுக்கும் ஓரங்களிலும் மூலைகளிலும்.

ஸ்க்ரூவுக்கு அடியிலுள்ள கறுப்பு வாஷரையும் பாருங்கள். ஆறு மீட்டர் ஷீட் வெயிலில் 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், ராத்திரியில் சுருங்கும். தினமும் இந்த இழுபறியைத் தாங்கி ஓட்டையை அடைத்து வைப்பது அந்த ரப்பர்தான். மட்டமான ரப்பர் வெயிலில் வெடித்துவிடும். நல்லதையும் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் ஒழுகத்தான் செய்யும்.

இரண்டு கொட்டேஷனையும் திரும்பப் படித்தோம். ஷீட்டைப் பற்றி நான்கு வரி. ஸ்க்ரூ எத்தனை, அடித்தகடு எந்தக் கனம், தூணுக்குக் கான்கிரீட் எவ்வளவு ஆழம் என்று எதிலும் ஒரு வரி கிடையாது. விலை கூடியதிலும்தான்!

மச்சான் குறைந்த விலைக்காரரையே வரச்சொன்னார். ஷீட் அதேதான், ஓரத்து இரண்டு பர்லினிலும் ஸ்க்ரூ இரட்டிப்பு, தூண் குழி இன்னும் ஓரடி ஆழம், அடித்தகட்டுக்கு நான்கு போல்ட். கூடுதலாக 9,000 ரூபாய் கேட்டார். மேலே ஆள் ஸ்க்ரூ ஏற்றிக்கொண்டிருக்க, கீழே நிழலில் நின்று மச்சான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.