ஆப்பிரிக்காவில் நாலைந்து நாடுகளா? முதலில் எல்லைகளின் வரிசையைப் போடுங்கள்

"கென்யா, தான்சானியா, உகாண்டா, ருவாண்டா நாலும் பார்த்துட்டு வரணும் சார். விசா மொத்தம் எவ்வளவு ஆகும்?" பயண ஆவணங்களும் அந்நியச் செலாவணியும் பார்க்கும் எங்கள் மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு நான் உடனே தொகை சொல்வதில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எந்த ஊரில் இறங்குகிறீர்கள், எந்த எல்லையைத் தரைவழியில் கடக்கிறீர்கள், எந்த ஊரிலிருந்து திரும்ப ஏறுகிறீர்கள் என்று வரிசையாக எழுதச் சொல்வேன். நாடுகளின் பட்டியல் ஒன்றாகவே இருந்தாலும், கடக்கும் வரிசை மாறினால் விசாவும் மாறும், செலவும் மாறும், கையில் வைத்திருக்க வேண்டிய பணமும் மாறும். ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவை எடுத்துக்கொள்வோம். 2014இல் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் 100 டாலர். 90 நாள்களுக்குள் கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்று நாடுகளுக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். முதலில் எந்த நாட்டில் கால் வைக்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 'கிழக்கு ஆப்பிரிக்கா' என்று பெயர் இருப்பதால் தான்சானியாவும் இதில் அடக்கம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தான்சானியா இதில் இல்லை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: மூன்று நாட்டு வட்டத்தை விட்டு வெளியே போனால் இந்த விசா அதோடு முடிந்துவிடும். 90 நாளில் இன்னும் பாக்கி இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகமும் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காட்டுமாடுகள் இங்கிருந்து அங்கே கூட்டம் கூட்டமாகப் போய்வருகின்றன. அதனால் எல்லோரும் மாராவை முடித்து, அப்படியே செரெங்கெட்டிக்குள் போய், மறுபடி நைரோபிக்கு வந்து உகாண்டா போவதாகத் திட்டம் போடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்தப் புல்வெளி வழியாக எல்லை தாண்ட முடியாது. இசெபானியா அல்லது நமங்கா சாவடிக்குச் சுற்றிப்போய், அங்கே முத்திரை குத்திக்கொண்டுதான் தான்சானியாவுக்குள் நுழைய வேண்டும். அந்த முத்திரையோடு நூறு டாலர் விசா காலி. அதே நாலு நாடுகளைத் தான்சானியாவில் தொடங்கியோ தான்சானியாவில் முடித்தோ பாருங்கள், இந்தச் சிக்கலே வராது. கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலோ தார் எஸ் சலாமிலோ இறங்கி, செரெங்கெட்டியை முடித்து, பிறகு கென்யாவுக்குள் நுழையலாம். தான்சானியாவுக்குத் தனியாக 50 டாலர் இ-விசா. அது எப்படிப் போனாலும் கட்டத்தான் வேண்டும்.

இன்னொரு கணக்கு. காமன்வெல்த் நாட்டவருக்கு ருவாண்டா 30 நாள் வரை விசாக் கட்டணம் வாங்குவதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடங்கும். கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை எடுத்துவிட்டு, மின்னணுப் பயண அனுமதி என்ற முறைக்கு மாறிவிட்டது. கட்டணம் 30 டாலர் அளவில். உகாண்டா இ-விசா 50 டாலர். மூன்றையும் தனித்தனியாக எடுத்தால் 80 டாலர்தான் ஆகிறது, மேலே சொன்ன மூன்று நாட்டுக் கூட்டு விசாவோ 100. அப்படியானால் கூட்டு விசா நஷ்டமா? அது நீங்கள் எங்கிருந்து ஊர் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நைரோபியில் இறங்கி, உகாண்டாவின் கம்பாலா, ருவாண்டாவின் கிகாலி பார்த்து, கிகாலியிலிருந்தே கிளம்புகிறவருக்குத் தனித்தனி அனுமதிதான் லாபம். கடைசியில் மறுபடி நைரோபி வந்து விமானம் ஏறுகிறவர், கென்யாவின் வழக்கமான ஒருமுறை நுழைவு அனுமதியிலேயே திரும்ப நுழைய முடியுமா என்று அரசுத் தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்; முடியாதென்றால் கூட்டு விசா நல்லது. மலைக் கொரில்லா பார்க்க மட்டும் போகிறவர்கள் கென்யாவையே விட்டுவிடலாம். கிகாலியில் இறங்கி, தரைவழியாக உகாண்டாவின் ப்விண்டி காட்டுக்குப் போய்த் திரும்புகிறார்கள். ருவாண்டாவில் கொரில்லா அனுமதிச்சீட்டு 1,500 டாலர், உகாண்டாவில் 800. அந்தச் சீட்டில் தேதி அச்சாகிவிடும். விசா தாமதமானால் சீட்டுப் பணம் போய்விடும் ஆபத்து உண்டு என்பதால், தேதியைக் குறிக்கும் முன்பே ஆவணங்களை முடியுங்கள்.

விண்ணப்பிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கூகுளில் 'கென்யா விசா' என்று தேடினால் மேலே வரும் தளங்களில் பல, அரசுத் தளம் மாதிரியே வடிவமைத்த தனியார் தளங்கள். அதே அனுமதிக்குக் கூடுதல் பணம் வாங்குவார்கள். உங்கள் பாஸ்போர்ட் நகலும் அவர்கள் கையில் போய்விடும். கென்யா, தான்சானியா, உகாண்டா அரசுத் தள முகவரிகளில் நாட்டுக் குறிக்கு முன்னால் 'டாட் கோ' என்று இருக்கும். அது இல்லையென்றால் மூடிவிடுங்கள். நம் ஊர்ப் பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். விண்ணப்பத்தில் வழக்கமாக எழுதும் இனிஷியலைப் போட்டு, டிக்கெட்டில் வேறு மாதிரி போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழிலும் இருக்க வேண்டும்.

அந்த மஞ்சள் காய்ச்சல் சான்றிதழை நான் விசாவுக்குச் சமமாகவே வைக்கிறேன். உகாண்டா இ-விசா விண்ணப்பத்திலேயே அதைப் பதிவேற்றச் சொல்கிறது. கென்யாவிலிருந்தோ உகாண்டாவிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க் போகிறவரிடம் தென்னாப்பிரிக்கா கேட்கும். பாதிப்புள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தாலும் கேட்கும். ஊர் திரும்பும்போது இந்தியாவும் கேட்கும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த சட்டத்தில் இடமிருக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும், ஆகவே கிளம்பும் வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். பழைய சான்றிதழுக்கும் அது பொருந்தும். அறுபது வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்தத் தாள் இல்லாதவரைப் பெரும்பாலும் முதலில் நிறுத்துவது விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டர்தான். அங்கே கெஞ்சிப் பயனில்லை, ஏற்றிக்கொண்டு போனால் அபராதம் அவர்கள் தலையில் விழும்.

தெற்கே வந்தால் விக்டோரியா அருவி. ஒரு கரை ஜாம்பியா, மறு கரை ஜிம்பாப்வே. ஜிம்பாப்வேயில் ஒருமுறை நுழைவு விசா எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி அரை நாள் ஜாம்பியா பக்கம் போய் வந்தால், திரும்ப நுழைய இன்னொரு விசா வேண்டும். இதற்காகவே 'காசா யூனிவிசா' இருக்கிறது. 50 டாலர், 30 நாள், இரு நாடுகளுக்கும் இடையே எத்தனை முறையும் போகலாம். கசுங்குலா எல்லைச் சாவடி வழியாக போட்ஸ்வானாவுக்குப் பகலில் போய் அன்றே திரும்பலாம், இரவு தங்கினால் விசா போய்விடும். இது எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் கிடைப்பதில்லை. உங்கள் பாஸ்போர்ட் பட்டியலில் இல்லையென்றால் இருமுறை நுழைவு விசாவாகக் கேட்டு வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியர்கள் கிளம்பும் முன்பே விசா வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்களும் வேண்டும். ஐந்து நாடு சுற்றினால் முத்திரைகளுக்கே பக்கங்கள் போய்விடும், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். டாலர் இருந்தால் ஆப்பிரிக்கா முழுக்கச் சமாளிக்கலாம் என்பது பாதி உண்மை. எந்த டாலர் என்பதுதான் கேள்வி. கம்பாலாவிலோ நைரோபியிலோ பணமாற்றுக் கடையில் நோட்டை நீட்டினால், கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் தொகையைப் பார்ப்பதில்லை. படத்தின் அருகே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டைப் பார்ப்பார். 2006க்கு முந்தைய நோட்டு என்றால் பல இடங்களில் திருப்பித் தந்துவிடுவார்கள்; 2009க்கு முந்தையதையே வாங்காத கடைகளும் உண்டு. பிறகு வெளிச்சத்தில் தூக்கி, மடிப்பில் கிழிசல் இருக்கிறதா, பேனா கிறுக்கல் இருக்கிறதா, வங்கி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். நூறு, ஐம்பது டாலர் நோட்டுக்கு ஒரு விலை, இருபதுக்கும் அதற்குக் கீழும் குறைந்த விலை. ஆகவே இங்கே டாலர் வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டையும் பிரித்துப் பார்த்து, பழசை மாற்றித் தரச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

ஜிம்பாப்வேயில் நிலைமை வேறு. 2009இல் சொந்த நாணயம் செல்லாக்காசான பிறகு அங்கே அன்றாட வியாபாரமே டாலரில் நடக்கிறது. 2024 ஏப்ரலில் 'ஜிக்' என்ற புது நாணயம் வந்தும் டாலர் போகவில்லை. அங்கே தட்டுப்பாடு சில்லறைக்குத்தான். ஐம்பதை நீட்டினால் பாக்கி தர மாட்டார்கள், ஒன்றும் ஐந்துமாகக் கொண்டுபோக வேண்டும். தான்சானியா இதற்கு நேர் எதிர். 2025 மார்ச்சிலிருந்து உள்நாட்டில் விற்கும் பொருளுக்கும் சேவைக்கும் வெளிநாட்டு நாணயத்தில் விலை சொல்வதும் வாங்குவதும் சட்டப்படி தடை. விசாக் கட்டணம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஓட்டல் பில்லை டாலரில் கட்டிய பழைய அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள், வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஷில்லிங்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷில்லிங் என்ற பெயர் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் பொது, மதிப்போ தலைகீழ். ஒரு டாலருக்குக் கென்யாவில் 130 அளவில், உகாண்டாவில் 3,500 அளவில். எல்லைச் சாவடிகளில் கட்டு நோட்டை விசிறியபடி ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர்களிடம் மாற்றவே மாற்றாதீர்கள். எண்ணிக்காட்டும்போது நோட்டை மடித்து இரண்டாக எண்ணுவது ஒன்று. செல்லாத நோட்டைக் கலப்பது இன்னொன்று: கென்யாவின் பழைய 1,000 ஷில்லிங் நோட்டு 2019 செப்டம்பரோடு செல்லாமல் போனது, ஜாம்பியா 2013இல் மூன்று பூஜ்யத்தை வெட்டிப் புது குவாச்சா அடித்தது. புதிதாக வந்தவருக்கு இது எப்படித் தெரியும்? எல்லையைத் தொடும் முன்பே உள்ளூர்ப் பணத்தை பெட்ரோலுக்கோ சாப்பாட்டுக்கோ செலவழித்துத் தீர்த்துவிடுவதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

மேற்கே ஒரே பெயரில் இரண்டு நாணயங்கள் ஓடுகின்றன. செனகல், ஐவரி கோஸ்ட், மாலி, டோகோ முதலிய எட்டு நாடுகளுக்கு ஒரு சிஎஃப்ஏ ஃபிராங்க். கேமரூன், காபோன், சாட் முதலிய ஆறு நாடுகளுக்கு இன்னொன்று. இரண்டும் ஒரு யூரோவுக்கு 655.957 என்று ஒரே விகிதத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனாலும் செனகலின் டக்காரில் வாங்கிய நோட்டை கேமரூனின் டுவாலா கடைக்காரர் வாங்கமாட்டார். இந்தப் பக்கம் போகிறவர்கள் டாலரை விட யூரோ எடுத்துப் போவது மேல், மாற்று விகிதம் நிலையானது.

தெற்கே தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி மூன்றிலும் செல்லும். அவர்கள் நாணயம் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. மதிப்பு சமம் என்பதால் ஏமாந்து, நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக் ஏடிஎம்மில் எடுத்ததை அப்படியே கேப்டவுனுக்குக் கொண்டுபோகாதீர்கள். ராண்ட் நோட்டாக ஒருவர் 25,000 வரைதான் எல்லை தாண்டிக் கொண்டுபோகலாம். வடக்கே மொராக்கோ திர்ஹாம் 2,000க்கு மேல் கொண்டுவரவும் கொண்டுபோகவும் கூடாது. துனிசிய தினாரை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லவே கூடாது, கிளம்பும் முன் மாற்ற ரசீது கேட்பார்கள். ஆகவே மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் ரசீது வாங்குங்கள்.

நம் பக்கத்து விதிகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு ரொக்க டாலராகப் பொதுவாக 3,000 வரைதான் வாங்கலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் அட்டையில், ஏற்றிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்கி, பில்லைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். இந்திய ரூபாயை அங்கே மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். திரும்பி வரும்போது வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மிஞ்சியதில் 2,000 டாலர் வரை நோட்டாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ கொடுத்து ரூபாயாக்கிவிட வேண்டும்.