ஏடிசி கணக்கில் வரும் அந்த 5 வோல்ட் உண்மையிலேயே 5 வோல்ட்தானா?

முட்டை பொரிக்கும் இன்குபேட்டரை வீட்டிலேயே செய்து பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஒரு ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி ஓட்டும் சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டு), ஒரு எல்எம்35 வெப்ப சென்சார், பல்பை அணைத்துப் போட ஒரு ரிலே. திரையில் 37.5 டிகிரி அசையாமல் நிற்கும். உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 35-க்குப் பக்கத்தில் இருக்கும். சென்சார் போலி என்று நினைத்து வேறொன்று வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அதையேதான் காட்டும். இப்படி என்னிடம் வரும் போர்டுகளில் பலவற்றில் சென்சார் நன்றாகவே இருக்கிறது. தவறு நிரலில் எழுதிய 5.0 என்ற எண்ணில்.

மைக்ரோகண்ட்ரோலரின் ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, நேரடியாக வோல்டேஜைச் சொல்வதில்லை. சென்சாரை இணைத்த பின்னுக்கு (pin) வரும் வோல்டேஜ், ஒப்பிட வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜில் எத்தனை பங்கு என்று மட்டுமே சொல்கிறது. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் ஏடிசி 10 பிட். ரெஃபரன்ஸை 1024 படிகளாகப் பிரிக்கும். நாம் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் போர்டின் சப்ளைதான் ரெஃபரன்ஸ். அதை 5 வோல்ட் என்று வைத்துக்கொண்டு, படிக்கு 4.88 மில்லிவோல்ட் என்று கணக்குப் போடுகிறோம். மலிவான சார்ஜர், மெல்லிய யுஎஸ்பி கேபிள், நடுவில் ரிலே வேறு கரண்ட் இழுக்கிறது என்றால் அந்த 5 வோல்ட் 4.7 ஆக இறங்குவது சாதாரணம்.

எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 37.5 டிகிரியில் 375 மில்லிவோல்ட். சப்ளை 4.7 வோல்ட்டாக இருந்தால் ஏடிசி தரும் எண் 81. நிரல் அதை 4.88-ஆல் பெருக்கி 39.5 டிகிரி என்று காட்டும். எடைக்கல் தேய்ந்தால் பொருளின் எடை கூடுதலாகத் தெரியுமே, அதே கதைதான். ஆகவே திரையில் 37.5 வந்து பல்பு அணையும்போது முட்டைக்குக் கிடைப்பது 35 டிகிரியும் கொஞ்சமும்தான். 21 நாளும் இப்படியே போனால் பல கருக்கள் பிழைக்காது.

சென்சாரை நூறு முறை படித்துச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சராசரி இரைச்சலைத்தான் குறைக்கும். ரெஃபரன்ஸே தவறு என்றால் நூறு தவறுகளின் சராசரியும் தவறுதான்.

இதற்கு வழி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஏடிமெகா328பி-க்கு 1.1 வோல்ட் உள் ரெஃபரன்ஸ் உண்டு. அதற்கு மாறினால் ஒரு படி 1.07 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய 0.1 டிகிரி, சப்ளை ஆடினாலும் கவலையில்லை. ஆனால் இந்த 1.1 சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும். அதனால் உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்து ஒரு முறை படித்தபின், ரெஃபரன்ஸ் வெளியே தெரியும் ஏரெஃப் (AREF) பின்னில் மல்டிமீட்டரை வைத்து வருகிற மதிப்பையே நிரலில் எழுதுங்கள். மாற்றியவுடன் வரும் முதல் சில அளவீடுகளைத் தள்ளிவிடுங்கள். உள் ரெஃபரன்ஸ் ஓடும்போது ஏரெஃப் பின்னில் வெளி வோல்டேஜைக் கொடுத்துவிடாதீர்கள், சிப் கெட்டுப்போகலாம்.

தெர்மிஸ்டரையோ பொட்டன்ஷியோமீட்டரையோ அதே 5 வோல்ட்டில் டிவைடராக (வோல்டேஜைப் பங்கு பிரிக்கும் சுற்றாக) போட்டிருந்தால் கதை வேறு. அங்கே சப்ளை இறங்கினால் சிக்னலும் அதே விகிதத்தில் இறங்கும், பங்கு மாறாது. அங்கே சப்ளையை ரெஃபரன்ஸாக வைப்பதுதான் சரி.

இன்னொன்று பேட்டரி அளக்கும் சுற்றுகளில் பார்ப்பது. கரண்ட் மிச்சமாகட்டும் என்று டிவைடராக இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைப் போடுவார்கள். ஏடிசிக்குள் இருக்கும் 14 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், ஊனோவின் வழக்கமான வேகத்தில், 12 மைக்ரோ செகண்டில் நிரம்ப வேண்டும். இத்தனை பெரிய ரெசிஸ்டர் வழியாக நிரம்பாது. இதற்கு முன் அளந்த வேறொரு பின்னின் வோல்டேஜ் மிச்சம் இதில் கலந்துவிடும். டேட்டாஷீட் 10 கிலோ ஓமுக்குள் வைக்கச் சொல்கிறது. பெரிய ரெசிஸ்டர்தான் வேண்டும் என்றால் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டு, அளவீடுகளுக்கு நடுவே நேரம் கொடுங்கள்.

வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப்பில் 12 பிட் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். மிகக் குறைந்த, மிக உயர்ந்த வோல்டேஜ் என இரு ஓரங்களிலும் அதன் ஏடிசி நேர்கோட்டில் போகாது. அப்புறம், வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியைச் சார்ந்த பின்களை நம்ப முடியாது. பிசிபி (சர்க்யூட் போர்டு) வரையும்போதே அனலாக் சென்சார்களை முதல் ஏடிசியைச் சார்ந்த 32 முதல் 39 வரையிலான ஜிபிஐஓ பின்களில் வைத்துவிடுங்கள்.