விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளி உண்டு

இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கிய பதினோரு வயதுச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அவள் அம்மா ஆறு முறை நடந்ததை உடனிருந்து பார்த்தேன். பள்ளியில், முகாம் அலுவலகக் கடிதம் வேண்டும் என்றார்கள். முகாம் அலுவலகத்தில், பள்ளி எழுதிக் கேட்டால்தான் கடிதம் என்றார்கள். பள்ளி எழுதித் தரவில்லை. கடிதம் எதையும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ‘குழந்தை’க்கு இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. உரிமை தரும் பிரிவு ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை. இந்தியா அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லையே என்று யாராவது பாடம் நடத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதல் முட்டுக்கட்டை காகிதம். இலங்கையில் விடுகைப் பத்திரம் என்பதை இங்கே மாற்றுச் சான்றிதழ் என்பார்கள். கடலைத் தாண்டி ஓடிவந்தவர்கள் அதை எடுத்துவந்திருக்க மாட்டார்கள். அது வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5. பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவதைத் தடுப்பது பிரிவு 14. கணினியில் ஆதார் கட்டம் காலியாக இருக்கிறதே என்பார்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

இரண்டாவது பொறி நல்ல முகத்தோடு வரும். “பாடம் விட்டுப்போயிருக்கிறது, மூன்றாம் வகுப்பில் உட்காரட்டும், பிறகு பார்க்கலாம்” என்பார்கள். சம்மதித்துவிடாதீர்கள். பதினோரு வயதுப் பிள்ளை எட்டு வயதுக் குழந்தைகள் நடுவே உட்கார்ந்தால் அந்த அவமானத்திலேயே படிப்பை விட்டுவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்கிறது பிரிவு 4. அப்படிச் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள் 14 வயதைத் தாண்டினாலும் கட்டணம் கேட்க முடியாது. சேர்க்கைக்கு முன் தேர்வு வைப்பதும் தடைசெய்யப்பட்டது.

சேர்ந்த பிறகுதான் யாரும் பேசாத தொல்லை தொடங்குகிறது. கதவு சாத்தும் சத்தத்துக்கு மேசைக்கடியில் போகிற பிள்ளை, கேள்வி கேட்டால் வாயே திறக்காத பிள்ளை, திடீரென்று பக்கத்துப் பையனை அடிக்கிற பிள்ளை. ஆசிரியர் இவற்றுக்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுவார். பயந்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். வாசல் பக்கம் இடம் கேளுங்கள். தீபாவளி வெடிச் சத்தம் தொடங்கும் வாரத்தில் முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள். வகுப்பு முன்னால் நிறுத்திப் படகுக் கதை கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுதாபத்தில் கேட்டாலும் அது வதைதான். முகாமில் செக்கிங் நாளில், அதாவது ஆட்கள் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் சரிபார்க்கும் நாளில், விடுப்பு எடுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ‘ஒழுங்காக வராதவன்’ ஆகிவிடுவான். அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் பிரிவு 17 தடைசெய்கிறது.

இரவில் தூக்கமில்லை, படுக்கையை நனைக்கிறான் என்றால் மாவட்ட மனநலத் திட்டக் குழுவைப் பாருங்கள். கட்டணம் கிடையாது. ஆனால் அந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே வரும். நாளைக் கேட்காமல் போனால் பெயிண்ட் வேலைக்குப் போகும் தகப்பனுக்கு ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெளியூரில் தங்க நேர்ந்தால் முகாமில் முன்பே அனுமதி வாங்குங்கள். பிள்ளையைக் காட்டும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். எந்நேரமும் நடுங்கும் தாயின் மடியில் பிள்ளை அடங்காது. போகவே முடியாதவர்கள் மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம், எந்நேரமும், இலவசமாக.

சிகிச்சைச் சீட்டைப் பள்ளியில் கொடுக்காதீர்கள். ‘மனநலச் சான்று கொண்டுவா’ என்று கேட்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. நீங்களாகக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரமே வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கும்.

மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். எழுதித் தராவிட்டால் நீங்கள் ஒரு மனு எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். சட்டப்படியான புகாருக்குத் தீர்வு சொல்ல மூன்று மாத அவகாசம் இருக்கிறது. ஜூனில் கொடுத்தால் காலாண்டுத் தேர்வே வந்துவிடும். அதனால் அதே வாரம் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்த நகலோடு வரிசையில் நில்லுங்கள். அங்கும் மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் நகர வேண்டாம்.